கொடுவாத் தலை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லய வீடுகளில் என் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் சத்தம் கேட்டதும் முதலில் பூனைகள் வரும், அப்புறம் நாய்கள், கடைசியாகத்தான் பெண்கள். வந்தவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போவார்களா? பெட்டிக்குள் தலையை விட்டுச் செவுளைத் தூக்கிப் பார்த்து, "என்னா நானா, இது போன கெழம செத்ததா, அதுக்கு முந்துன கெழமயா?" என்பார்கள். "உன் கல்யாணத்தன்னைக்குச் செத்தது, உனக்காகத்தான் பத்திரமா வச்சிருந்தேன்" என்பேன் நான். பசறை ஸப்ரான் நானா என்றால் வாய்க்காரன் என்று இந்த மலை முழுக்கப் பேர். வாய் இல்லாதவன் மலையில் மீன் விற்க முடியாது. ஐஸ் உருகி, கோணல் பாதையில் பெட்டி குலுங்கி, மீன் பாதி உயிரை மறுபடியும் விட்டுத்தான் மேலே வந்து சேருகிறது.

லூசியாக்கா மட்டும் செவுளைத் தூக்கிப் பார்க்க மாட்டாள். தட்டை நீட்டி, "நல்லதா ஒண்ணு குடுங்க நானா" என்பாள், அவ்வளவுதான். சந்தேகப்படுகிறவளுக்கு ஒரு பழைய மீனைத் தள்ளிவிடலாம், நம்பி நிற்கிறவளுக்கு எப்படித் தள்ளுவது? அதனால் பெட்டியில் இருப்பதிலேயே நல்லது அவள் தட்டுக்குத்தான் போகும்.

புருஷன் மஞ்சள்காமாலையில் போனபிறகு கொழுந்து பறித்தே இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கியவள் அவள். மூத்தவள் நிஷாலினி. அவளைக் கட்டிய ஜெசிந்தன் பதுளை டவுன் பையன், கிழக்குக் கரையில் ஒரு மீன் பண்ணையில் சூப்பர்வைசர். பண்ணை என்றால் குளம் இல்லை. அமைதியான விரிகுடாவில் வலைக்கூடுகளை மிதக்கவிட்டு, அதற்குள்ளே கொடுவா மீன் வளர்க்கிறார்கள். நிஷாலினி அங்கேயே குடியாகிவிட்டாள். தம்பி றுஷாந்தனையும் ஜெசிந்தன்தான் அங்கே வேலைக்கு எடுத்துக்கொண்டான். றுஷாந்தன் சும்மா இராமல் லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டு இராக்கம்மாவின் மகன் சுரேசையும் கூட்டிக்கொண்டு போனான். "எம் புள்ள கடல்ல வேல பாக்குறான்" என்று லூசியாக்கா சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். மலை ஏறி இறங்கியே தேய்ந்த பொம்பளை, கடலைக் கண்ணால் கண்டதில்லை.

ஒரு மாசக் கடைசியில் மழை தொடங்கியபோது இரண்டு பையன்களும் பையும் கையுமாகத் திரும்பி வந்துவிட்டார்கள்.

மழைக்கு நான் சில வாரம் மலை ஏறவில்லை. மறுபடி ஏறிய அன்றைக்கு, ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலியடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். மழைக்காலம் வந்தால் தேயிலைக்குள் அட்டை பொங்கிவிடும். கொழுந்து மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் காலைத் தேய்த்துக் கழுவினால் பீலித் தண்ணீர் சிவப்பாகத்தான் ஓடும். நான் பெட்டியைத் திறந்ததும் இராக்கம்மா ஆரம்பித்தாள்.

"நானா, மீனை அட்டை கடிச்சிருக்கான்னு பாத்துக் குடுங்க. கடிச்சிருந்தாலும் பரவால்ல, நம்ம லயத்துல ஒரு டாக்டரு இருக்காரு. பொயிலத்தண்ணி வச்சி வைத்தியம் பாப்பாரு. நோயும் போயிரும், மீனும் போயிரும், பக்கத்து வீட்டுப் புள்ள வேலையும் போயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். லூசியாக்காவின் குடம் பாதிதான் நிறைந்திருந்தது. அவள் அதை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் படியேறிப் போனாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏ இராக்கம்மா, வாய்ல பொயிலய அடக்கி வச்சிருக்கியா, இல்ல வெசத்தயா?"

"ஒங்களுக்கு என்னா தெரியும் நானா? எம் புள்ள ஒழுங்கா உழைச்சி சல்லி அனுப்புனான். இவன் பண்ணுன கூத்துக்கு எம் புள்ளயயும் சேத்துல்ல வெரட்டிட்டாங்க. நான் சிரிக்காம என்னா செய்ய, அழவா?"

அதிலும் நியாயம் இருந்தது. நான் அவளுக்குச் சாளை நிறுத்துக் கொடுத்தேன்.

அப்புறம் லூசியாக்காவின் காம்பராவுக்குப் போனேன். றுஷாந்தன் வாசல் படியில் குந்தியிருந்தான். நல்ல வாட்டசாட்டமான பையன், கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தான். லூசியாக்கா ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்தாள். நான் ரொட்டியைப் பிய்த்துச் சம்பலைத் தொட்டுக்கொண்டே, "என்னாடா நடந்திச்சு? இராக்கம்மா சொல்றது விளங்கல, நீ சொல்லு" என்றேன்.

"மீன் ஒடம்புல அட்டை நானா. நம்ம மலையில இருக்கே அதே சாதிதான், ஆனா நூல் கணக்கா மெல்லிசு. செட்டைக்கு அடியில, தாடையில, செவுளுக்குள்ள கொத்துக் கொத்தாத் தொங்கும். மீன் தீனி எடுக்காது. போயி வலையில ஒரசிக்கிட்டே கெடக்கும். ஒரசி ஒரசிப் புண்ணாயிரும்."

"அதுக்கு மருந்து இல்லியா?"

"நல்லதண்ணிதான் மருந்து. கடல்ல பொறந்த அட்டைக்கு உப்பில்லாத தண்ணி ஆவாது. மீன அள்ளி நல்லதண்ணித் தொட்டியில கொஞ்ச நேரம் போட்டு எடுத்தா கழண்டு விழுந்துரும். ஆனா பவுசர்ல தண்ணி கொண்டாரணும், எல்லாக் கூட்டு மீனையும் அள்ளணும். மச்சான் சொன்னாரு, அவ்வளவு தண்ணிக்கு எங்கடா போறது, நீங்க அட்டைக்குள்ள பொறந்த தோட்டத்து ஆளுங்கதானே, ஒங்க ஆளுங்க அட்டைக்கு என்னா செய்வாங்கன்னு கேட்டாரு."

"நீ என்னா சொன்ன?"

"பொயிலயும் சுண்ணாம்பும்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மலையில் எல்லோரும் செய்வது அதுதான். கொழுந்துக்குப் போகுமுன் காலில் பொயிலையும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவுவார்கள். அப்படியும் ஏறிவிட்டால் வெற்றிலை எச்சிலை அதன்மேல் துப்புவார்கள், சுருண்டு விழும். மனுசன் காலுக்கு அது சரி. மீன் அந்தத் தண்ணீரைத்தானே மூச்சாக இழுக்கிறது என்று இந்தப் பிள்ளைக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

"மச்சான்தான் பொயில வாங்கிக் குடுத்தாரு. ஒரு தொட்டியில போட்டுப் பாருன்னாரு. நான் ஊறப்போட்டு, வடிகட்டி, அதுல மீன விட்டேன். அட்டை விழுந்திச்சு நானா, நெசமா விழுந்திச்சு. எனக்கு ஒரே சந்தோசம். சுரேசக் கூப்புட்டுக் காட்டுறேன், அதுக்குள்ள மீனெல்லாம் மல்லாந்திருச்சு. பயத்துல அந்தத் தண்ணியத் தூக்கிக் கூட்டுக்குப் பக்கத்துலயே கடல்ல கொட்டிட்டேன். மச்சான் வந்து பாத்தாரு. ஒண்ணும் பேசல. மறுநாளு ரெண்டு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு."

"ஒரு தொட்டி மீனுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

"ஒரு தொட்டி இல்ல நானா. அப்பறம் மச்சான் போன்ல சொன்னாரு. நான் கொட்டுன தண்ணி பரவி, எல்லாக் கூட்டு மீனும் செத்துப்போச்சாம். ஒண்ணு மிச்சமில்லியாம்."

"அட போடா! ஒரு தொட்டித் தண்ணிக்குக் கடல் செத்துப்போகுமா?"

"செத்துப்போச்சுன்னு சொல்றாரே. மச்சான் பொய் சொல்வாரா?"

லூசியாக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஞாயித்துக்கெழம மருமகன் வர்றாரு நானா. இவனக் கூட்டிட்டுப்போயி மொதலாளி முன்னால நிறுத்தணுமாம். 'நானாத்தான் செஞ்சேன், மச்சானுக்குத் தெரியாது'ன்னு இவன் வாயால சொல்லணுமாம். அப்பத்தான் மருமகன் வேல தப்புமாம்."

"இவன் தப்புவானா?"

"பொலிசுல குடுத்தாலும் குடுப்பாராம் மொதலாளி. இவனுக்குக் கட்டாருக்குப் போவ எல்லாம் பாத்து வச்சிருக்கோம். பொலிஸ் கேசு விழுந்தா எங்க போறது? தோட்டத்துலயே கெடக்க வேண்டியதுதான்." அவள் குரல் உடைந்தது. "ஆனா மக ஒருத்தி இருக்காளே. காணி வாங்கி வீடு கட்டிக்கிட்டு இருக்கா. அவ வீடு பாதியில நின்னுட்டா?"

"சொல்லிட்டு வர்றேம்மா" என்றான் றுஷாந்தன். "கொன்னது நாந்தானே. அவ்வளவு உசுரும் என் கையாலதானே போச்சு."

அவன் அழுதுவிட்டான். வளர்ந்த ஆண்பிள்ளை மீனுக்காக அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். கூட்டிலே தீனி போட்டு வளர்த்தவன் அல்லவா. நான் ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

நான் கிளம்பும்போது லூசியாக்கா வாசல்வரை வந்தாள். "ஞாயித்துக்கெழம தல பெருசா ஒரு மீன் கொண்டாங்க நானா. மருமகனுக்குத் தல வைக்காம எப்பிடி?"

ஞாயிறு விடிந்ததும் பதுளை மார்க்கெட்டுக்குப் போனேன். கிண்ணியா ஸியாமின் மீன் லொறி நின்றது. மலையில் நான் நானா என்றால், அவன் ஊர்ப் பேச்சில் நான் காக்கா. வழக்கமாக அவன் கொழும்புக்குத்தான் போவான், பதுளைப் பக்கம் தலைகாட்டுவதே அபூர்வம். ஐஸுக்குள் கொடுவா பளபளவென்று கிடந்தது. கொடுவா நம் பெட்டிக்குக் கட்டுப்படியாகாத மீன், ஆனால் அவன் சொன்ன விலை கெளுத்திக்கே கிடைக்காது. கொஞ்சம் மெலிவு, செட்டையடியிலும் தாடையடியிலும் சிவப்புச் சிவப்பாக வட்டம். வலை உரசலாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய தலையாகப் பார்த்து ஒன்று எடுத்துக்கொண்டேன். லூசியாக்கா சந்தோசப்படுவாள் என்ற நினைப்பைத் தவிர வேறு ஒன்றும் மனசில் இல்லை.

நான் போய்ச் சேரும்போது அவள் மாதா கோயில் பூசை முடிந்து வந்து, தலை முக்காட்டை எடுக்காமலே அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். மழை விட்டிருந்தது, மலையெல்லாம் பனிமூட்டம். றுஷாந்தன் மீனை வாங்கிக்கொண்டு பீலியடிக் கல்லில் வைத்துச் செதிலைச் சுரண்டினான். நான் பக்கத்தில் நின்று பெட்டியைக் கழுவினேன். திடீரென்று சுரண்டுகிற சத்தம் நின்றது. பார்த்தால், செவுளைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். அப்புறம் விரலை உள்ளே விட்டு எதையோ இழுத்து என் உள்ளங்கையில் வைத்தான். கறுத்த நூல்துண்டு மாதிரி ஒன்று. ஒரு முனையில் சின்ன வட்ட வாய்.

"நானா, இந்த மீன் எங்க வாங்குனீங்க?"

"ஸியாம் லொறியில. ஏன்டா?"

"எங்கருந்து ஏத்துனாருன்னு கேளுங்க. இப்பவே கேளுங்க."

போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். லூசியாக்காவும் வந்து நின்றாள்.

"ஸியாம், அந்தக் கொடுவா எந்தப் பக்கத்து மீன்?"

"கூட்டு மீன் காக்கா. விரிகுடாப் பண்ணையில ஏத்தினது. இந்த மாசம் முழுக்க அங்கதான் ஏத்துறன். எல்லாம் கொழும்புக்குப் போற, இன்டைக்கு மிஞ்சினத இஞ்ச கொண்டாந்தன்."

"யாரு ஏத்தி விடுறது?"

"சூப்பர்வைசர் ஜெசிந்தன்தான். வெள்ளெனவே, வேலையாள் வாறதுக்கு முதல் நின்டு ஏத்தி விடுவார். ஏன் காக்கா, மீன் பழுதா?"

"மீன்ல ஒண்ணும் பழுதில்ல" என்று வைத்துவிட்டேன்.

றுஷாந்தன் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "போன மாசம் செத்த மீன் இந்த மாசம் எப்பிடி நானா லொறி ஏறும்?" என்றான். கேட்டவன் அவன்தான், பதிலும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அவன் ஒரு தொட்டி மீனைத்தான் கொன்றான். மற்றதெல்லாம் உயிரோடு இருந்து, திருட்டுத்தனமாக விலைக்குப் போயிருக்கிறது. போன மீனுக்குக் கணக்குச் சொல்ல ஒரு கொலைகாரன் வேண்டும், அதற்கு மச்சினன் கிடைத்தான். அட பாவிப்பயலே என்று நான் வாய்விட்டே திட்டினேன். இன்னும் கெட்ட வார்த்தையும் சொன்னேன். பூசைக்குப் போய்வந்த பொம்பளை முன்னால் சொல்லக்கூடாததுதான்.

லூசியாக்கா திட்டவில்லை. மீனை எடுத்துக் கழுவினாள்.

"தலைய நசுக்காம வெட்டுடா. கொழம்பு வைக்கணும். நானா, நீங்களும் இருந்து சாப்புட்டுப் போங்க. மருமகன் சாப்புடுற வரைக்கும் ரெண்டு பேரும் வாயத் தெறக்கக் கூடாது."

கொரக்காப் புளி அரைத்து, மிளகாயைத் தாராளமாகப் போட்டு, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு அவள் இறக்கியபோது லயம் முழுக்க மணந்தது. அந்த மணத்தில் எனக்குப் பசித்தது. கோபத்திலும் பசிக்கிற வயிறு என்னுடையது, என்ன செய்ய.

ஓட்டோ வந்தது. ஜெசிந்தன் வெள்ளைச் சட்டையும் பிஸ்கட் டின்னுமாக இறங்கினான். நிஷாலினி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். தம்பியைப் பார்த்து, "மெலிஞ்சிட்டியேடா" என்று கன்னத்தைத் தடவினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்கு அத்தை மீன்? ஒரு கோழிய அடிச்சிருக்கலாம். நாங்க தெனம் மீனோடதானே மல்லுக்கட்டுறோம்" என்று சிரித்துக்கொண்டே ஜெசிந்தன் பாயில் உட்கார்ந்தான். "சாப்புட்டதும் கெளம்பிருவோம் றுஷாந்தன். மொதலாளிகிட்ட பேசி வச்சிருக்கேன். ஒரு வார்த்த, அவ்வளவுதான். பயப்படாத, நான் பக்கத்துல நிப்பேன்."

"சாப்புடுங்க மாப்ள" என்று லூசியாக்கா மீன் தலையை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

குழம்பில் வெந்தும் தாடைக்கு அடியிலிருந்த அட்டைக் கடி வட்டங்கள் போகவில்லை, வெளுத்து, தெளிவாகத் தெரிந்தன. சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. அவன் தலையைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான்.

"இது எங்க வாங்குனது?"

"நானாகிட்ட."

என்னைப் பார்த்தான். "ஸியாம் லொறியில" என்றேன். அவன் வேர்த்துப்போனான்.

"எங்கெங்கயோ இருந்து மீன் வருது. எல்லாக் கடல்லயும்தான் அட்டை இருக்கு…"

"மச்சான்" என்றான் றுஷாந்தன். "ஸியாம் நானா போன்ல எல்லாஞ் சொல்லிட்டாரு. நீங்கதான் நின்னு ஏத்தி விட்டீங்களாம். நான் எல்லாத்தயும் கொன்னுட்டேன்னு சொன்னீங்களே மச்சான்."

ஜெசிந்தன் தட்டைத் தள்ளி வைத்தான். அப்புறம் உண்மையை ஒவ்வொன்றாகக் கக்கினான். வேறொரு பண்ணையிலிருந்து மலிவாகக் குஞ்சு மீன் எடுத்தது அவன்தான். புதுக் குஞ்சைக் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது வழக்கம். பார்க்காமல் நேரே கூட்டில் விட்டுவிட்டான். அந்தக் குஞ்சோடுதான் அட்டை வந்தது. "மொதலாளிக்குத் தெரிஞ்சா அன்னிக்கே என்னைய வெளிய தள்ளியிருப்பாரு அத்தை. மீன் நாளுக்கு நாள் மெலியுது. சாகறதுக்குள்ள வித்துட்டேன். வேற வழி தெரியல."

"வித்தது இருக்கட்டும்" என்றாள் லூசியாக்கா. "எம் புள்ளய எதுக்கு இழுத்தீங்க?"

அவன் நிஷாலினியைப் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். பக்கத்துக் காம்பராவில் அதுவரை பாடிக்கொண்டிருந்த ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். லயத்தில் ஒரு சுவருக்கு இரண்டு வீடு. இராக்கம்மா கேட்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

"நாந்தாம்மா சொன்னேன்" என்றாள் நிஷாலினி.

லூசியாக்கா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அந்தத் தொட்டி மீன் செத்தன்னைக்கு இவரு வந்து சொன்னாரு. நாந்தான் சொன்னேன், எல்லாமே அதுல செத்துப்போச்சுன்னு சொல்லிருங்கன்னு. தம்பி ஒத்த ஆளு. வேல போனா லயத்துக்கு வருவான், நீ ஒரு வாய் சோறு போடுவ. எனக்கு யாரும்மா போடுவா? செவரு பாதி எழும்பி நிக்குது. பொறந்ததுலருந்து இந்தக் காம்பராவுலதானே கெடந்தோம், ஒரு ஆணி அடிக்கவும் தொரைகிட்ட கேட்டுக்கிட்டு. எம் புள்ளைக்குச் சொந்தமா ஒரு செவரு வேணும்னு ஆசப்பட்டேன். அது தப்பா?"

"தப்பில்லக்கா" என்றான் றுஷாந்தன். அவன் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. "என்கிட்ட கேட்டிருக்கலாமே. 'தம்பி, எங்களுக்காக இந்தப் பழிய ஏத்துக்கடா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நான் மாட்டேன்னு சொல்லியிருப்பேனா? கட்டாரும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு வந்திருப்பேன். நீ என்னைய நம்ப வச்சிட்டியேக்கா. கண்ண மூடுனா மீன் மல்லாந்து கெடக்கு. நான் சாப்புட்டேனா தூங்குனேனான்னு அம்மாவக் கேளு."

நிஷாலினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "கேட்டா நீ அம்மாகிட்ட சொல்லிருவ. அம்மா விடாது" என்றாள். அழுகைக்குள்ளும் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சின்னப்பிள்ளையாக இருந்தபோது இவள் பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டு என் பெட்டியண்டை நிற்பாள், தம்பிக்கு முள்ளில்லாத மீனாகப் பார்த்துக் கொடுங்கள் என்பாள்.

"நான் வரல மச்சான்" என்றான் றுஷாந்தன். "நான் கொன்னது ஒரு தொட்டி. யாரு கேட்டாலும் அத மட்டுந்தான் சொல்லுவேன்."

ஜெசிந்தன் எழுந்து கையைக் கழுவினான். தலை தட்டிலேயே கிடந்தது. வெளியே வந்தால், இராக்கம்மாவும் சுரேசும், அந்த லயமே, ஈர வாசலில் இறங்கி நின்றது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. வாய்க்காரன் நானே திறக்கவில்லை. ஜெசிந்தன் யாரையும் பாராமல் ஓட்டோவில் ஏறிக்கொண்டான்.

நிஷாலினி வந்தால், திரும்பிப் போகும்போது பையைத் தூக்கிக்கொண்டு ரோடுவரை போவது லூசியாக்காவின் வழக்கம். அன்றைக்கு அவள் குந்தியிருந்து சாம்பலைத் தொட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டு வர்றேம்மா" என்றாள் நிஷாலினி வாசலில் நின்று.

எங்கள் மலையில் சண்டை போட்டவனைக்கூட 'போயிட்டு வா' என்றுதான் அனுப்புவார்கள்.

"போ" என்றாள் லூசியாக்கா.

நிஷாலினி இன்னும் ஏதாவது வரும் என்று கொஞ்ச நேரம் நின்றாள். சட்டி தேய்க்கிற சத்தம்தான் வந்தது. அப்புறம் பிள்ளையைத் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.